கண்காட்சிக்கு வந்த பாய்ச்சீலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஓவியனைப் பற்றித்தான் தொடங்கியது. யாழ்ப்பாணம், 1943*, யுத்தகாலம், அரிசித் தட்டுப்பாடு, நடுவில் தூரிகையோடு ஒருவன். இரண்டு பக்கம் எழுதியதும் அவன் பெருமூச்சு விடத் தொடங்கினான். பசித்த ஊரில் பெருமூச்சு விடுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அனுப்பிவிட்டேன். அவன் படங்களை மாட்ட வந்த மனிதர் மட்டும் போகாமல் நின்றார். பெயர் அடைக்கலநாதன். சித்திர வாத்தியார்.

(* முதலில் 1942 என்று போட்டேன். ஜப்பான்காரனின் குண்டுக்குப் பயந்து கொழும்பிலிருந்து வந்த சனத்தால் கதைக்குள் நிற்க இடமில்லை.)

2

முதல் தொடக்கம்: "புயல் ஓய்ந்த மறுநாள், கழுவிவிட்ட வானம்..." வேண்டாம். வானத்தை எல்லாரும் கழுவிவிட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: மார்கழிப் புயலில், பூநகரியிலிருந்து வந்த வள்ளம் கவிழ்ந்து, அடைக்கலநாதன் கடலில் கிடந்தார். குருநகர் மீனவர் சந்தியோகு அவரைச் சட்டையில் பிடித்துத் தன் வள்ளத்தில் தூக்கிப் போட்டார். கண் திறந்தபோது தலைக்கு மேலே ஒரு பாய்ச்சீலை. மாச்சாக்கு, பழைய கோயில் திரை, யாரோ ஒருத்தியின் கல்யாணச் சேலை என்று ஒட்டுக்குமேல் ஒட்டு. அந்தக் கோலத்திலும் அது காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கரை சேர்ந்ததும் ஆளாளுக்கு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் அடைக்கலநாதன் நன்றி சொல்லாமலே போனார். அந்தச் சொல் மாதக்கணக்காகக் கடனாகவே நின்றது. கடைசியில் ஓர் எண்ணம் வந்தது: புயலுக்குப் பிறகு சனங்கள் எப்படி எழும்பினார்கள் என்று காட்டும் ஒரு கண்காட்சி, குருநகர்க் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில். மற்றச் சுவர்களில் படங்கள். முன்சுவர் முழுதும் அந்தப் பாய்.

[நேரே போய்ச் சொன்னால் என்ன? சொல்லலாம். படித்த மனிதர், ஒரு சொல்லுக்கு ஒரு மண்டபம் தேவைப்படுகிறது.]

3

சந்தியோகுவின் மனைவி மக்டலீனிடம் போய்க் கேட்டார்.

"கோயில் மண்டபத்திலையோ? எங்கடை பாயையோ?"

"ஓம் தங்கச்சி. ஊரெல்லாம் பாக்க வேணும்."

ஏன் என்று அவர் சொல்லவில்லை.

கண்காட்சி அன்று காலை கணவனும் மனைவியும் பாயைச் சுமந்து வந்து விரித்தார்கள். மரப்பட்டைச் சாயம் மணக்கும் புதுச்சீலை. ஒட்டு ஒன்றுகூட இல்லை.

"கோயிலடிக்கு ஒட்டுச் சீலையோடை வாறதோ, வாத்தியார்?" மக்டலீனின் முகம் பூரித்திருந்தது. "தெருவிலை ஒவ்வொரு வீடும் இந்த வருசத்துத் துணிக் கூப்பனைத் தந்தது. பழசை அடுப்பிலை எரிச்சிட்டன்."

அந்தக் கரையில் கோயிலுக்குப் போகும் எதுவும், ஆளோ கொடியோ, கிழிசல் இல்லாமல்தான் போகும். வாத்தியாரும் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்தான். மறந்துபோனார்.

4

முடிவு அ: தான் கேட்டது அந்த ஒட்டுப் பாயைத்தான் என்று அவர் உண்மையைச் சொல்கிறார், மக்டலீன் அழுது... [அடித்துவிட்டேன். மனம் வரவில்லை.]

முடிவு ஆ: புதுப் பாயே மீட்சியின் சின்னம் என்று அவர் உரை நிகழ்த்துகிறார். [இது அந்த ஓவியனுடைய வேலை.]

நடந்தது இது. ஒரு தெரு முழுதும் இந்த வருடம் புது உடுப்பில்லாமல் இருக்கப்போகிறது, இந்தப் பாய்க்காக. அவர் சுவரில் காட்ட நினைத்ததை இவர்கள் தைத்தே முடித்திருந்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. கும்பிடத்தான் தோன்றியது.

"சந்தியோகு, அண்டைக்குப் புயலிலை நீர் என்னைத் தூக்கினீர். அதுக்காகத்தான் பாயைக் கேட்டனான்."

சந்தியோகு உற்றுப் பார்த்தார். "உங்களையோ? அண்டைக்கு எத்தினை பேரைத் தூக்கினனாங்கள். ஆர் முகம் பாத்தது?" பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "சோளகக் காத்து நல்லா வீசுது, வாத்தியார். உது இங்கை தொங்கினா வள்ளம் கரையிலைதான் கிடக்கும்."

5

அடைக்கலநாதன் பாயின் ஒரு தலைப்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். படம் பார்க்க வந்தவர்களும் பின்னால் போனார்கள். வள்ளத்தைத் தள்ளும் நேரத்தில் அவர் வாய் திறந்தார்.

"சந்தியோகு..."

அடுத்த வரியை எழுதி எழுதிக் கிழித்தேன். தூக்கிய முகத்தையே மறந்துவிட்ட மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது? எனக்குத் தெரியவில்லை. உங்களையும் யாரோ ஒருவர் பேர்கூடக் கேட்காமல் தூக்கிவிட்டிருப்பார். அந்த வரி உங்களிடம்தான் இருக்கும். வள்ளம் இன்னும் இடுப்பளவு தண்ணீரில்தான் நிற்கிறது, சொல்லுங்கள்.