நடுப்பலகையில் மூன்றாவது ஆள்

ஏரியில் இறக்கிய முதல் நாளே அந்தப் படகின் நடுப்பலகையில் மூன்றாவதாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை, எடை மட்டும் தெரிந்தது. பின்பலகையில் லிப்ட்காரரும் முன்பலகையில் அவர் தங்கையும் இருக்க, நடுவில் காலியாகக் கிடந்த பலகை லேசாக வளைந்தது, யாரோ வசதியாக நகர்ந்து உட்கார்ந்ததுபோல் முனகியது, பிறகு படகு முழுவதும் ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது.

படகு அவர்களுடைய தாய்மாமனுடையது. மாமா அதை இருவருக்கும் சேர்த்தே விட்டுப் போயிருந்தார். வேண்டுமென்றே செய்துவிட்டார் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள், ஏனென்றால் அண்ணனுக்கும் தங்கைக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா இறந்த வீட்டில் அண்ணன் ஏதோ சொன்னார், தங்கை பதிலுக்கு ஏதோ சொன்னாள். என்ன சொன்னார்கள் என்பது இருவருக்குமே மறந்துவிட்டது, பேசக்கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை. ஒரு பெரிய அலுவலகக் கட்டிடத்தில் லிப்டை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்ற அவருக்கு மனைவி இல்லை. தையல் வேலை செய்யும் அவளை விட்டுப் புருஷன் என்றைக்கோ போய்விட்டான். ஒரே வீட்டில் கூடத்துக்கு நடுவே பிளைவுட் தடுப்பு வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். தவிர்க்க முடியாத சேதி என்றால் தடுப்பிடம் சொல்வார்கள். “தண்ணி மோட்டார் ஓடுது, யாராவது நிறுத்தினா தேவலை” என்று அவள் பலகையைப் பார்த்துச் சொன்னால் அவர் எழுந்து போய் நிறுத்துவார்.

அந்த ஏரியில் பதிவு எண் இல்லாத படகில் தூண்டில் போடக்கூடாது. பதிவு செய்ய வேண்டுமென்றால் சொந்தக்காரர்கள் எல்லோரும் சோதனைக்கு வந்து நிற்க வேண்டும். இருவருக்கும் மீன் என்றால் உயிர். ஆகவே ஒரு கோடைக்காலம் முழுக்க மாமாவின் கொட்டகையில் வாய் திறக்காமல் படகைச் சரி செய்தார்கள். அவர் பழைய பெயிண்டைச் சுரண்டினார், அவள் பலகை இணையும் இடங்களில் பஞ்சைத் திணித்துப் பசை பூசினாள். சின்ன மோட்டாரைத் தாங்க அவர் பின்பக்கம் தடித்த கட்டை வைத்து போல்ட்டை முறுக்கினார். துடுப்பு மாட்டும் கொண்டிகளுக்கு அவள் தையல் மெஷின் எண்ணெய் விட்டாள். தூண்டில் செருகப் பிளாஸ்டிக் குழாயை அறுத்து ஓரத்தில் பொருத்தினார்கள். நங்கூரத்துக்கு ஒரு பழைய தராசுக் கல் கிடைத்தது. முடிச்சுப் போடும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் இழுப்பார், அப்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அதனால்தான் படகு ஒரு விரற்கடை இறங்கியதும் ஒவ்வொருவரும் மற்றவர் வேலையைத்தான் சந்தேகப்பட்டார்கள். கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை, ஈரம்கூட இல்லை. கரையில் படகு லேசாக இருந்தது, தண்ணீரில் விட்டால் மறுபடி பலகை முனகியது.

சோதனைக்கு வந்த அதிகாரி மெலிந்த, சலிப்பு நிறைந்த மனிதர். விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளவுகோலை வைத்துப் பார்த்தார். இருவரையும் இறங்கச் சொல்லிப் பார்த்தார், ஏறச் சொல்லிப் பார்த்தார். மணல் மூட்டைகளை வைத்து எடுத்தார். கடைசியில் நடுப்பலகைக்கு மேலே கையை நீட்டி, எதையோ தொட்டுவிட்டவர்போல் இழுத்துக்கொண்டு, கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

“சின்னப் பிள்ளை எடைதான்,” என்றார். “ஆனா பிள்ளைன்னா பிள்ளைக்கு ஏத்த லைஃப் ஜாக்கெட் வேணும். அது இல்லாம நான் நம்பர் குடுக்க முடியாது.”

“பிள்ளையே இல்லீங்களே சார்,” என்றார் லிப்ட்காரர்.

“அப்ப இந்த எடைக்கு நீங்களே ஒரு காரணம் சொல்லுங்க.”

மறுநாள் தங்கை ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன ஜாக்கெட் வாங்கி வந்து நடுப்பலகையில் வைத்தாள். அது சற்று நேரம் சும்மா கிடந்தது. பிறகு எழுந்து நிமிர்ந்தது, தோள் பக்கம் உப்பியது, பூட்டுகள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டன. மூச்சு விடும் நெஞ்சுபோல அது ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அதிகாரி மூவர் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லிப்ட்காரர் கறுப்புப் பெயிண்டால் இரு பக்கமும் பதிவு எண்ணை எழுதினார்.

அன்றிலிருந்து தடுப்புக்கு வேலை குறைந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் இருவரும் நடுப்பலகையிடம் சொன்னார்கள். “பின்னாடி இருக்கறவர மோட்டார மெதுவா விடச் சொல்லு கண்ணு, மீனெல்லாம் ஓடுது,” என்பாள் தங்கை. “முன்னாடி இருக்கறவங்க வாய மூடினாலே மீன் வரும்னு சொல்லு,” என்பார் அவர். ஜாக்கெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். மீன் என்னவோ கொட்டியது. நடுப்பலகைக்கு நேர் கீழே மீன்கள் கூட்டமாக வந்து அசையாமல் நிற்கும், தூண்டிலில் மாட்டும்போதுகூடத் துள்ளாது. காற்றில்லாத காலைகளில் நீரில் தெரியும் பிம்பத்தில் ஜாக்கெட்டின் கழுத்துக்கு மேல் ஏதோ இருட்டாக இருக்கும் என்று மற்ற மீன்காரர்கள் சொன்னார்கள். அப்படி எதையும் பார்த்ததில்லை என்று தங்கை சாதித்தாள், ஆனால் அந்தப் பக்கம் குனிந்து தண்ணீரைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

எடை வருடா வருடம் கூடியது. பதிவைப் புதுப்பிக்க வரும்போதெல்லாம் அதிகாரி அளவுகோலைப் பார்த்து, “நல்லா வளருது,” என்பார். தங்கை ஜாக்கெட்டின் தையலைப் பிரித்து அகலப்படுத்துவாள், அதற்கும் மேல் போனால் பெரியது வாங்குவாள். பிள்ளையைத் தூண்டில் பிடிக்கப் பழக்குவதில் இருவருக்கும் மனஸ்தாபம் வந்தது. இவ்வளவு செல்லம் குடுத்தா உருப்படாது என்று அவர் ஏரியைப் பார்த்துச் சொன்னார். இவ்வளவு மிரட்டினா யாருக்குத்தான் கை வரும் என்று அவள் வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு ஒரு வெயில் நாளில், ஏரியின் நட்டநடுவில், ஜாக்கெட்டின் பூட்டுகள் அவர்கள் கண்முன்னே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. ஜாக்கெட் பலகையில் சரிந்து விழுந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது, சட்டென்று லேசாகி மேலே எழும்பியது. தண்ணீர் ஓரிடத்தில் திறந்து சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

“அண்ணா!” என்று தங்கை அலறினாள். “பிள்ளை இறங்கிடுச்சு! அண்ணா, அந்தப் பக்கம் பாரு!”

அத்தனை வருடம் கழித்து அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. லிப்ட்காரருக்கு நீச்சல் அரைகுறை. செருப்போடு குதித்தார். கையால் துழாவினார், முங்கினார், இருமிக்கொண்டே மேலே வந்தார், திரும்ப முங்கினார். சத்தம் கேட்டு மற்றப் படகுகள் வந்தன. யாரும் சிரிக்கவில்லை. என்ன நிறச் சட்டை என்று கேட்ட ஒருவர் கேட்ட பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார். கைகோத்து நிற்பவர்கள்போலப் படகுகளை வரிசையாக நிறுத்தி, யார் மேலாவது பட்டுவிடப் போகிறதே என்று துடுப்பைக்கூட மெதுவாகப் போட்டுத் தேடினார்கள். ஆழத்தில் வலை இறக்கியவர்களுக்கு வலை காலியாகத்தான் வந்தது, ஆனால் தூக்கும்போது பாதி வழி வரை கனத்தது என்றார்கள்.

வெயில் இறங்கியபோது அண்ணனும் தங்கையும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார், அவள் தன் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். “நான்தான் ரொம்பத் திட்டிட்டேன்மா,” என்றார் அவர். “நீ மட்டுமா திட்டின,” என்றாள் அவள். அப்போது முளையில் கட்டியிருந்த படகு தானாக ஆடி ஒரேயடியாகத் தாழ்ந்தது. நடுப்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

தங்கை முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடினாள். “உயிரே போயிடுச்சுடி எனக்கு! டேய்! பொண்ணோ பையனோ, யாரா இருந்தாலும் சரி!” என்று கத்திக்கொண்டே கையை ஓங்கி ஓர் அடி வைத்தாள். காற்றில் வீசிய கை எதன் மேலோ பளீரென்று பட்டது. பட்ட இடம் மழையில் நனைந்த கல்லைப்போல் குளிர்ந்திருந்தது என்று பின்னால் சொன்னாள். அடித்த கையைப் பார்த்துக்கொண்டே அங்கேயே நின்று அழுதாள்.

“விடும்மா,” என்றார் அண்ணன். “வந்துடுச்சுல்ல.”

அதற்குப் பிறகு இருவரும் நேராகவே பேசிக்கொண்டார்கள். பேசியதில் பாதி சண்டைதான், என்றாலும் முகத்தைப் பார்த்துப் போட்ட சண்டை. கூடத்துத் தடுப்பை மட்டும் எடுக்கவில்லை, தைத்த துணிகளை மாட்ட அவள் அதில் ஆணி அடித்துவிட்டாள்.

வருடங்கள் போயின. லிப்ட்காரருக்கு முழங்கால் மடங்க மறுத்தது, தங்கைக்கு இரண்டு கண்ணிலும் புரை. நடுப்பலகையின் எடையோ திடகாத்திரமான ஓர் ஆளின் எடை ஆகிவிட்டது, மூவர் ஏறினால் விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. ஒருநாள் துடுப்புகள் கொண்டியில் தானாகப் புரண்டன. படகு அவர்களை ஏற்றிக்கொள்ளாமல் கிளம்பியது, மதியத்துக்குள் மீன் கூடையோடு திரும்பி வந்தது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட அதிகாரி, ஓட்டுபவருக்கு வயது வந்துவிட்டதா என்று கேட்டார். “எடையப் பாத்தா வந்திருக்கணும் சார்,” என்றார் லிப்ட்காரர். அதிகாரி கோலை வைத்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். அதன் பிறகு தினமும் விடிந்ததும் ஆளில்லாத அந்தப் படகு துடுப்புப் போட்டுக்கொண்டு போவதும், மற்றவர்கள் எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்குவதும் ஏரியில் வழக்கமாகிவிட்டது.

போன மழைக்கு முன் ஒரு நாள் படகு வழக்கத்தைவிடத் தாமதமாகத் திரும்பியது. கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த தங்கைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் துடுப்பின் சத்தம் வேறு மாதிரி கேட்டது. அவசரப்படாமல், தண்ணீர் தெறித்துவிடாமல் யாரோ பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். லிப்ட்காரர் எழுந்து விளிம்பைக் கவனித்தார். காலையில் போனதைவிடப் படகு நன்றாகத் தாழ்ந்து வந்தது. கூடையில் மீன் ஒன்றுகூட இல்லை. கரை தட்டியதும் நடுப்பலகை நிமிர்ந்தது, முன்பலகை மட்டும் வளைந்தபடியே இருந்தது.

“கூட யாரையோ கூட்டிட்டு வந்திருக்கு,” என்றார் அவர் மெதுவாக.

தங்கை புடவையை உதறிக்கொண்டு எழுந்து, முன்பலகை இருந்த திசைக்குக் கையை நீட்டினாள். குளிர்ந்த எதுவோ அதைப் பிடித்துக்கொண்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“பாத்து இறங்கும்மா, வழுக்கும்,” என்றாள். பிறகு அண்ணனிடம் திரும்பி, “நீ முன்னாடி போய் அடுப்பப் பத்த வை. நாலு பேருக்கு உலை வைக்கணும்,” என்றாள்.