மஞ்சள் தொப்பி இன்னும் வரவில்லை

கண்டக்டர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அது தெரிந்தேதான் அவர் மனைவி பந்தயம் கட்டியிருந்தாள்.

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் நின்றே பிழைத்த மனிதருக்கு முட்டியில் கத்தி வைத்து நாலு மாதம் ஆகிறது. "டெப்போவுல ஒரு நாற்காலி வேலை தர்றோம், சம்மதம்னா கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று ஆபீஸில் ஒரு தாளை நீட்டியிருந்தார்கள். நாளைக்குள் கொடுக்க வேண்டும். இவர் மாட்டேன் என்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆளிடம் என்ன பேசுவது?

"காட்டுப் பாதையில ஒரு ரவுண்டு. நடுவுல எங்கயும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தா கையெழுத்து. சம்மதமா?"

"சம்மதம்" என்றார். அவள் தாளைக் கைப்பையில் வைத்தாள். ஒரு பேனா எழுதாவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேனா வைத்துக்கொண்டாள். தையல் கடையில் துணி வெட்டுகிறவள். எதிலும் ஓரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் பழக்கம்.

நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது அந்தக் காடு. ஒரே வாசல்; அம்புக்குறி காட்டும் பக்கமாக மட்டும் நடந்து அதே வாசலுக்கு வந்து சேர வேண்டும். வழி நெடுக எண் போட்ட பதினாலு மரத்தூண்கள். ஏற்றம் இறக்கம் இல்லாத சுலபமான பாதை என்று பலகையில் எழுதியிருந்தது. எழுதியவருக்கு முட்டி நன்றாக இருந்திருக்கும்.

வாசல் திறந்ததும் இவர்கள்தான் முதலில் நுழைந்தார்கள். பின்னால் நின்றவர்களைக் கண்டக்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பத்து பேர்" என்று முணுமுணுத்தார். பழக்க தோஷம். கல்யாண வீட்டுப் பந்தியில்கூடத் தலையை எண்ணிவிட்டுத்தான் இலையில் கை வைப்பார்.

இரண்டாம் தூணைத் தாண்டியதும் சாலை இரைச்சல் அடங்கியது. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பதினைந்து வருஷமாக இந்த மதில் ஓரமாகத்தான் வேலைக்குப் போகிறாள். உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்றே! விழுந்து கிடந்த பெரிய மரத்தை யாரும் அப்புறப்படுத்தவில்லை. அதன் முதுகில் பாசி படர்ந்து, பாசியில் சின்னச் செடிகள் முளைத்திருந்தன. எங்கோ ஒரு மரங்கொத்தி கடமையே கண்ணாக டக் டக்கென்று தட்டியது. இத்தனை விலை போகிற மண்ணை மரத்துக்கென்று விட்டுவைத்த அந்த யாரோ ஒரு புண்ணியவானை அவள் மனசார வாழ்த்தினாள்.

எட்டாம் தூணருகே ஒரு குளமும் அதன் கரையில் ஒரு பெஞ்சும் இருந்தன. கண்டக்டர் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. உட்காரட்டும் என்று அவளுக்கு ஒரு மனசு, உட்காரக் கூடாதே என்று ஒரு மனசு. அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் உட்காரவில்லை.

பன்னிரண்டாம் தூணில் சட்டென்று நின்றார்.

"ஒன்பது பேர்தான் நம்மளத் தாண்டிப் போனாங்க. மஞ்சத் தொப்பி போட்ட அம்மா இன்னும் வரல."

"மெதுவா வருவாங்க. வாங்க, இன்னும் ரெண்டு தூண்தான்."

"அஞ்சாம் தூண்ல திரும்பிப் பாத்தேன். பின்னாடி விறுவிறுன்னு வந்துட்டிருந்தாங்க. என் நடைக்கு நத்தையே முந்தும். அவங்க இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருக்கணும்." அவர் ஏற்கெனவே திரும்பிவிட்டார். "நீ வாசல்ல போய்க் காவலாளிகிட்ட சொல்லு. நான் போய்ப் பாக்கறேன்."

"உங்க கால்..."

"ஏத்தின ஆளை இறக்காம எப்படிம்மா போறது?"

அவள் வாசலுக்கு ஓடினாள்.

காவலாளியைத் தேடிப் பிடிக்கவே அரை மணி ஆயிற்று. அவர் பேட்டரி வண்டியை எடுத்து, அவளையும் ஏற்றிக்கொண்டு, பாதையில் எதிர்த்திசையிலேயே விட்டார். வழியில் வந்த ஒவ்வொரு பெஞ்சையும் அவள் பார்த்தாள். எதிலும் அவர் இல்லை.

ஐந்தாம் தூணுக்குக் கீழே சரிவில் இருந்தார். ஒரு மரத்தின் வேர்மேல் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டியிருந்தார். பக்கத்தில் மஞ்சள் தொப்பி அம்மாள்; கணுக்கால் வீங்கியிருந்தது, அதில் இவருடைய கைக்குட்டைக் கட்டு. அந்த அம்மாள் பறவையைப் படமெடுக்கப் போய்ச் சறுக்கி விழுந்திருக்கிறார். போன் ஓடையில் போய்விட்டது.

"எவ்வளவோ கத்தினேன், யாரும் வரல" என்றார் அந்த அம்மாள், அழுகையும் சிரிப்புமாக. "இவர் வந்து, 'நீங்கதானே பத்தாவது ஆளு?'ன்னு கேட்டாரு!"

மனைவியைக் கண்டதும் கண்டக்டரின் முகம் தொங்கிப்போயிற்று.

"பயந்து நடுங்கிட்டிருந்தாங்க. கூட உட்கார்ந்துட்டேம்மா. அந்தத் தாளைக் குடு."

இந்த மனுஷனையா நாற்காலியில் உட்கார வைக்கப் பார்த்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பையைத் திறக்கவில்லை. துணி அளக்கிறவள் போல விரலை மடக்கி எண்ணினாள்.

"இங்க வர்ற வரைக்கும் எங்கயும் உட்காரலையே?"

"இல்ல. சத்தியமா."

"போகும்போது பன்னெண்டு தூண். திரும்பி வந்தது ஏழு. பத்தொன்பது. ஒரு ரவுண்டுக்குப் பதினாலுதான். பந்தயம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. எழுந்திரிங்க."

காவலாளியும் அவளுமாக அந்த அம்மாளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்கள். அவளும் ஏறினாள். கண்டக்டர் கடைசியாக ஏறினார். இடமிருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைகளை எண்ணினார். நாலு மாதமாக வீட்டில் கேட்காத குரலில், காடே கேட்கும்படி சொன்னார்:

"போலாம், ரைட்!"