முந்தி எழுந்த மீன்

கொழுந்தன் கைலாசத்தின் செருமல் கேட்டாலே பிரம்மநாயகிக்கு உடம்பு எரியும். அவள் புருஷனுடைய பதினாறாம் நாளில், பந்தியில் இலை எடுப்பதற்குள், "பொம்பள மடைக்குப் போவாளா? வயல என்கிட்ட விட்டுருங்க மதினி" என்று கேட்ட மகராசன் அவன். அன்றைக்கே மண்வெட்டியைத் தோளில் வைத்துவிட்டாள். ஆனால் இரண்டு வீட்டு வயலுக்கும் வாய்க்கால் ஒன்றுதான். வாரம் ஒரு நாள் அந்த முகத்தில் முழித்துத்தான் ஆக வேண்டும்.

தண்ணீருக்கு முறை வைத்தவர் மாமனார். பிள்ளைகள் இருவரும் கடிகாரத்தைத் திருப்பி வைத்துத் தண்ணீர் திருடியவர்கள். "வெள்ளியத் திருப்பி வைங்கலே பாப்போம்" என்று சொல்லி, விடிவெள்ளி கிளம்பும்வரை சின்னவனுக்கு, கிளம்பிய பிறகு பெரியவனுக்கு என்று தீர்த்துவிட்டுப் போனார். வெள்ளி தெரியாத நாளில் கோயில் மணி. முறை தப்பி மடையைத் தொட்டவருக்கு அடுத்த முறை கிடையாது.

இப்போது அவள் நெல் பால் பிடிக்கும் சமயம். இந்தத் தண்ணீரும் அடுத்த தண்ணீரும் பாய்ந்தால் நெல், ஒன்று தவறினாலும் மணி பிடிக்காத சாவிதான்.

ஆடி முழுக்கக் கிழக்கே முதலில் எழுந்தது வெள்ளி. பின்னாலேயே இன்னொரு மீன் வரும், அதை யார் சட்டை செய்தார்கள்? மாதக் கடைசியில் இரண்டும் ஒட்டி நின்றதை ஊரே போனில் படம் பிடித்தது. அப்புறம் மேகம் மூடி, மணியை வைத்தே மடை மாற்றினார்கள். ஆவணியில் இன்றைக்குத்தான் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. மூன்று மீன்கள் வரிசையாக மேலேறியிருக்க, பனைகளுக்கு மேலே ஒன்று பளிச்சென்று எழுந்தது. பிரம்மநாயகி கொழுந்தன் மடையை அடைத்துத் தன் மடையை வெட்டிவிட்டாள்.

கைலாசம் வரப்பில் ஓடி வந்தான். "அது வியாழன் மதினி! வெள்ளி இனிமத்தான் வரும்."

"ஒம்ம வாயில என்னைக்கு நெசம் வந்திருக்கு?"

"ஒட்டி நின்னதுக்கப்புறம் ரெண்டும் எடம் மாறிட்டு. சொன்னாக் கேளுங்க."

"இது வெள்ளி இல்லன்னா அடுத்த முறை எனக்கு வேண்டாம் வே. போதுமா?"

அவன் மடையைத் தொடவில்லை. வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சரி, பாப்போம்" என்றான். அவள் மண்வெட்டியை ஊன்றி எதிர்க்கரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் வயலுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இருவரும் கிழக்கைப் பார்த்தபடி வாய்க்காலின் இரண்டு கரையிலும் காத்துக் கிடந்தார்கள்.

வெகுநேரம் கழித்து, அதே பனைகளுக்கு நடுவே இன்னொன்று எழுந்தது. மேலே நின்றது அதன்முன் மங்கிப்போனது. பிறந்தது முதல் பார்த்த வெள்ளியை அவளுக்குத் தெரியாதா?

கைலாசம் சிரித்தான். "சொல்லுங்க மதினி. முதல்ல வந்ததுதான் வெள்ளின்னு சாதிங்க. பாத்ததுக்குச் சாட்சியா இருக்கு? பொய் சொல்லுததுக்கு ஒங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

சொல்லியிருப்பாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவன் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தான், அதுதான் பொறுக்கவில்லை.

"அதுதான் வெள்ளி. நான் முறை தப்பிட்டேன். அடுத்த தண்ணிய நீரே பாய்ச்சிக்கிடும்."

அவன் சிரிப்பு நின்றது. அவள் வயலின் பச்சைக் கதிர்களைப் பார்த்தான். என்ன இருந்தாலும் விவசாயி. "நெல்லு சாவியாப் போயிருமே மதினி. பாதி முறை எடுத்துக்கிடுங்க. நானா தாரேன்."

"நீரு தந்து என் நெல்லு வெளைய வேண்டாம். எந்திரிச்சுப் போவும்."

அவன் செருமிக்கொண்டே போனான். அவள் வயலில் இறங்கி ஒரு கதிரை நசுக்கினாள். விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.