படகைத் தொடக் கூடாது

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடலை நீந்திக் கடப்பவரோடு ஒரு படகும் வரும். சாப்பாடு அதில் இருக்கும், வழி சொல்பவர் அதில் இருப்பார், நேரம் குறிப்பவரும் இருப்பார். நீந்துபவர் மட்டும் அதைத் தொடக் கூடாது. ஒரு விரல் பட்டால் போதும், அதுவரை நீந்தியது செல்லாது. சாப்பாட்டைக்கூடக் கையில் கொடுப்பதில்லை. பாட்டிலைக் கயிற்றில் கட்டி வீசுவார்கள். நீந்துபவர் மல்லாந்து மிதந்தபடி குடித்துவிட்டுப் பாட்டிலை விட்டதும் கயிற்றை இழுத்துக்கொள்வார்கள்.

என் அக்கா அருள்மொழிக்கு மார்ச் மாதம் கடலில் இறங்கத் தேதி கிடைத்திருந்தது. அவள் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போன கொல்லைகளின் கிணறுகளில் நீச்சல் கற்றவள். நான் வீரமணி, கச்சிராயபாளையத்தில் பம்ப்செட் மெக்கானிக். கடலுக்கு முன்னால் ஒரு முறையாவது ஏழு மணி நேரம் நிற்காமல் நீந்திவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். அதற்காக ஞாயிறுதோறும் கோமுகி அணைக்குப் போனோம். மீன் பிடிக்கும் சின்னராசு அண்ணனின் பரிசல்தான் எங்கள் படகு.

மூன்று மணி நேரம் நீந்திய உடம்பு நாம் சொல்வதைக் கேட்காது. மனது வேண்டாம் என்றாலும், பக்கத்தில் மிதக்கும் பொருளைக் கை தானாகப் பிடிக்கப் போகும். முதல் இரண்டு ஞாயிறும் அக்கா நான்கு தடவை பரிசலைத் தொட்டுவிட்டாள். கரையேறி வெகுநேரம் அழுதாள். பிறகு அவளே ஒரு பயிற்சியைக் கண்டுபிடித்தாள்.

"நான் கைய நீட்டினா நீ இன்னா பண்ணுவ?"

"தள்ளிப் போவேன்."

"அழுதா?"

"தள்ளித்தான் போவேன்."

"செத்துடுவேன்னு சொன்னா?"

"இன்னும் வேகமா போவேன்."

சிரித்துவிட்டாள். "நெசமாவே முடியலன்னா 'நிறுத்து'ன்னு சொல்றேன். அந்த வார்த்த வந்தா மட்டும் கிட்ட வா. வேற எதுக்கும் வராத, வீரா."

மாட்டைப் பழக்குவதைப் போலத்தான் இதுவும். கை நீளும்போதெல்லாம் பரிசல் விலகிப் போனால், நீட்டிப் பயனில்லை என்று கை கற்றுக்கொள்ளும். லாரி டியூப் ஒன்றையும் பரிசலில் எடுத்துப் போகச் சொன்னார் சின்னராசு. கண்ணில் பட்டால் பிடிக்கத் தோன்றும் என்று அக்கா மறுத்துவிட்டாள். ஒருநாள் அவர் கரையிலிருந்து கத்தினார்.

"இன்னாப்பா மெக்கானிக்கு, அக்காளுக்குத் தொணைக்கு வந்தியா, தொரத்த வந்தியா?"

"தொரத்தத்தாண்ணே கூட்டியாந்தேன்" என்றாள் அக்கா தண்ணீரிலிருந்து. "உங்க மீனுக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க."

மூன்றாவது மாதம் அவள் கை பரிசல் பக்கம் வருவதே நின்றுபோனது. அந்த மாதங்களில் நானும் பழகியிருந்தேன். அவள் கை என் பக்கம் நீண்டாலே என் துடுப்பு தண்ணீருக்குள் இறங்கிவிடும். யோசிக்க வேண்டியதே இல்லை.

கார்த்திகை மாதம் மலையில் மூன்று நாள் மழை. அணைக்குச் செந்நிறத்தில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. மற்ற நாட்களில் வெயில் மேல்தண்ணீரைச் சூடாக்கி வைத்திருக்கும். அன்று வெயிலே இல்லை. காற்று வேறு மேலும் கீழும் கலக்கிவிட்டிருந்தது. குளிர்ந்த தண்ணீர், அதே குளிரில் இருக்கும் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சும். கொழுப்புள்ள உடம்பு கொஞ்சம் தாங்கும். அக்கா ஒல்லி.

"ஜில்லுன்னு கீதுக்கா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றேன்.

"கடலு இதவிட சூடுடா. இதத் தாங்கிட்டா அத தூங்கிக்கினே தாண்டிடலாம்."

காலை ஆறு மணிக்கு இறங்கினாள். சின்னராசு மீன் கூடையோடு சந்தைக்குப் போயிருந்ததால் அணையில் நாங்கள் இருவர்தான்.

நிமிடத்துக்கு எத்தனை தடவை கை வீசுகிறாள் என்று அரைமணிக்கு ஒருமுறை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. முதல் மூன்று மணி நேரம் ஐம்பத்தெட்டு. நான்காவது மணியில் ஐம்பத்து நான்கு. ஐந்தாவது மணியில் நாற்பத்தேழு. நீந்துபவர் குளிரில் விறைப்பதை வெளியிலிருந்து முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான், அதற்காகத்தான் எண்ணுகிறார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் ஏழு மணி நேரத்துக்குப் பலத்தை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்கு வெல்லத் தண்ணீர் பாட்டிலை வீசினேன். அவள் விரல்கள் மடங்கவில்லை, பாட்டில் நழுவியது. "ஒழுங்கா புடிக்கா" என்றேன். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே அணைத்துக் குடித்தாள். பாதி மோவாயில் வழிந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். வார்த்தையாக வரவில்லை.

"இன்னா?"

மறுபடியும் அதே சத்தம். மாடு முனகுவது போல இருந்தது.

குளிர் முதலில் விரல்களைப் பிடிக்கும், அப்புறம் தாடையையும் நாக்கையும். அதை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மோட்டார் கருகுவதற்குள் அதை நிறுத்த ஒரு ரிலே வைப்போம். மோட்டார் கெடும்போது கூடவே கெட்டுப்போகும் இடத்தில் அதை யாரும் வைக்க மாட்டார்கள், வேலை கற்கும் பையன்கூட. எங்கள் 'நிறுத்து'வை நாங்கள் அக்காவின் வாயில் வைத்திருந்தோம்.

அவள் கையை நீட்டினாள். நான் விலகினேன்.

நான்கைந்து வீச்சு நீந்தி வந்து மறுபடியும் நீட்டினாள். விலகினேன். "வா, வா, இன்னும் ரெண்டு மணி நேரந்தான்" என்று சிரித்தபடி சொன்னேன். நான் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாவது தடவை மணிக்கட்டு வரைதான் தண்ணீருக்கு மேலே வந்தது. துடுப்பை இரண்டு தடவை வலித்து விலகிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். குப்புறக் கிடந்தாள். நீந்துபவர் முகம் தண்ணீருக்குள் இருப்பது வழக்கம்தானே. அடுத்த கை எழும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடி பார்த்தேன்.

பரிசல் வட்டமானது, அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. விளிம்பில் பாரம் விழுந்தால் அந்தப் பக்கமே கவிழும். பக்கத்தில் போய் அவளை உள்ளே இழுக்கப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே ஏறியது. ஒரு கையால் அவள் தலையைத் தூக்கிப் பிடித்து மறு கையால் துடுப்பு வலித்தேன். ஒற்றைக் கையால் வலித்தால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். மலை வந்தது, கரை வந்தது, மறுபடி மலை வந்தது. எத்தனை சுற்று என்று தெரியாது. அப்புறம்தான் குதித்து அவளை இழுத்துக்கொண்டு நீந்தினேன். கரை முந்நூறு மீட்டர்.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பா முனியன் கரும்பு வெட்டப் போய்விட்டார். அம்மா பெரியம்மாள் அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பக்கத்துலதான இருந்த?"

எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சொன்னது போல இருக்கும். தலைமன்னார் எங்கே இருக்கிறது, படகை ஏன் தொடக் கூடாது, கை எப்படித் தானாகப் போகும், பேசிவைத்த வார்த்தை எது, எல்லாம் சொன்னேன். முடித்த பிறகு அம்மா கேட்டாள்.

"கைய நீட்டினாளா?"

"நீட்டினா."

"எத்தினி வாட்டி?"

"மூணு."

மடித்த சுடிதாரைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அது சரியாக மடியவில்லை.

"இத உங்கப்பங்கிட்ட சொல்லாத. அந்தாளு தாங்க மாட்டாரு, உன்னையும் வூட்ல வெக்க மாட்டாரு. கேட்டா தூரமா இருந்தேன்னு சொல்லு."

"நான் எப்பிடிமா..."

"ஒரு புள்ளதான் போயிருக்குது எனக்கு."

சாயங்காலம் அப்பா வந்தார். கரும்புச் சோகை கிழித்த கைகளைக் கழுவிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். இத்தனை நாளாக அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அக்கா முழுகும்போது நீ எங்க இருந்த?"

"தூரமா இருந்தேம்பா."

"எவ்ளோ தூரம்?"

அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"நூறு அடி இருக்கும். காத்துல பரிசல் தள்ளிக்கினு போயிடிச்சி."

அப்பா நூறு அடியை மனதில் அளப்பது போலத் தெருவைப் பார்த்தார். கைகால் இல்லாதவனைத் தேற்றுவது போல என் முதுகில் தட்டினார்.

"அப்போ நீ இன்னா பண்ணுவ? உன்னால ஒண்ணும் ஆயிருக்காது, வுடு."

"ஆமாம்பா" என்றேன்.