பொத்தான் பயணிகள்

குளியல் தொட்டியில் ஏழாவது பொம்மைக் கயாக் மிதந்துகொண்டிருந்தது. முந்தைய ஆறும் இதே தொட்டியில் கவிழ்ந்து தையல்காரரின் மானத்தை வாங்கியவை. கடை விடுமுறை நாளில், பேருந்து ஓட்டிவிட்டு வரும் மனைவி குளியலறைக் கதவைத் திறந்தால், உள்ளே மனிதர் மண்டிபோட்டுத் தண்ணீரை முறைத்துக்கொண்டிருப்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

"இன்னுமா முடியல? உடம்பு பூரா டீசல் வாடை எனக்கு!"

"ரெண்டே நிமிஷம்மா."

"உங்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா!"

கயாக் என்பது ஒடுக்கமான துடுப்புப் படகு. மரச்சட்டம் கட்டி, அதன்மேல் துணியை விறைப்பாக இழுத்துத் தைத்து, வார்னிஷ் பூசினால் ஆயிற்று. துணியைத் தைத்தே படகு செய்யலாம் என்று எங்கோ படித்த அன்றே நம் ஆள் அந்த ஆசையில் விழுந்துவிட்டார். அதுவும் இரண்டு பேர் உட்காரும் படகு. முன்னால் அவள், பின்னால் இவர். கல்யாணமான நாளிலிருந்து விடிவதற்குள் அவள் பணிமனைக்குக் கிளம்பிவிடுவாள். இவர் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது அவளுக்குக் கண் சொருகியிருக்கும். ஒரு நாளாவது இரண்டு பேரும் சேர்ந்து எங்காவது சும்மா போகவேண்டும் என்பதுதான் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு படகு கட்டக் கிளம்பினார்.

அவளுக்கோ தண்ணீர் என்றால் குலைநடுக்கம். "முதல்ல தொட்டியில பொம்மை கவிழாம நிக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

பொம்மைப் படகின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் நிஜத்தில் பத்தில் ஒரு பங்கு. அதனால் ஏறுகிறவர் எடையை ஆயிரத்தில் ஒரு பங்காக வைக்கவேண்டும், கிலோவுக்கு ஒரு கிராம். கோட்டின் உள்துணியில் இரண்டு குட்டிப் பைகள் தைத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, பொத்தான்களை நிரப்பினார். ஒன்று அவர், இன்னொன்று அவள்.

அவள் எடையைக் கேட்டும் பார்த்தார். "பஸ்ஸோட எடையக் கேளுங்க, சொல்றேன்" என்றாள். சரி, கண்ணாலேயே அளந்துவிடலாம் என்று இறங்கினார். கண் சரியாகத்தான் அளந்தது. கைதான் பழக்கதோஷத்தில் குறைத்துப் போட்டது. வாடிக்கையாளர்களின் இடுப்பளவை இரண்டங்குலம் குறைத்துச் சொல்லித்தான் மனிதர் கடையை நடத்திவந்தார். வெட்டும்போது மட்டும் உண்மையான அளவில் வெட்டுவார்.

ஏழாவது கவிழவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுல நான் எது?"

"முன்னால இருக்கிறது."

அவள் அந்தப் பையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று. "பரவாயில்லையே, இவ்ளோ லேசாவா இருக்கேன்! பெருசையும் கட்டுங்க, நான் வர்றேன்."

தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த நொடியே, கை குறைத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. கோட்டு இறுக்கினால் பிரித்துத் தைக்கலாம், நடுத்தண்ணீரில் எதைப் பிரிப்பது? உண்மையைச் சொன்னால் வரமாட்டாள். சொல்லாவிட்டால், தன்னை நம்பி ஏறியவள் தண்ணீருக்குள் போவாள். அதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கையிலிருந்த பையை வாங்கிப் படகின் முன்னால் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பொத்தான்களை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக முன் பையில் போட்டார். படகின் மூக்கு தண்ணீருக்குள் போயிற்று.

அவள் படகைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். பிறகு இவர் வயிற்றைப் பார்த்தாள்.

"என்னைத்தான் குறைச்சுப் போட்டீங்க. உங்க பை மட்டும் ரொம்ப யோக்கியமோ?"

"அது வந்து..."

"வண்டி நிறைய ஆளை வெச்சுக்கிட்டு பிரேக் போடுறவ நான், பாரம் தெரியாதா எனக்கு? என்கிட்டயே கதை விடாதீங்க."

எடை பார்க்கும் கருவியை இழுத்துவந்து அவரை ஏற்றினாள். முள் போன போக்கைப் பார்த்து, "கால் ஈரமா இருக்கு, அதான்" என்றார். அவள் அவரை இறக்கிவிட்டுத் தானும் ஏறினாள். அவர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பரவாயில்ல, பாருங்க" என்றாள்.

இரண்டு பைகளையும் திருத்தி வைத்தார்கள். படகு நேராகத்தான் நின்றது, ஆனால் தண்ணீர் விளிம்புவரை ஏறிவிட்டது.

"இன்னும் அகலமா எட்டாவது ஒண்ணு கட்டணும்" என்றார் தையல்காரர், சுரத்தில்லாமல். "நீ இனிமே வரமாட்ட, அதானே?"

"யார் சொன்னா? கட்டுங்க, வர்றேன். ஆனா பின்னால உக்காந்து நான்தான் ஓட்டுவேன். இன்னொருத்தர் ஓட்டி, நான் உக்காந்து போனா உயிர் கையில இருக்காது எனக்கு."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"முன்னால சும்மா உக்காருங்க. இத்தன வருஷம் குனிஞ்சே தைச்சாச்சு. நிமிந்து நாலு பக்கமும் பாத்துக்கிட்டு வாங்க."

அவர் படகிலிருந்த இரண்டு பைகளையும் எடுத்து, தன்னுடையதை முன்னால் வைத்தார்.