மூல காரணம்: டிரைவர்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் கார் முதல்முறை தானாக அணைந்தபோது, பின் சீட்டில் இருந்த வைஸ் பிரசிடெண்ட் சண்முகசுந்தரம் வண்டி செத்துவிட்டது என்றே நினைத்தார். டிரைவர் வனமாமலையும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். ஆனால் அவன் நாலு நாள் முன்னதாகவே, டெலிவரி எடுத்த அன்றே, நினைத்துப் பயந்து ஷோரூம்காரனிடம் கேட்டுத் தெளிந்திருந்தான். நல்ல நாள் பார்த்து ஏறுகிறவர் என்பதால் வி.பி.யின் பயம் நாலு நாள் தாமதமாக வந்தது.

பிரேக்கை மிதித்து வண்டி நின்றால் இன்ஜின் தானாக அணையும், காலை எடுத்தால் தானாகக் கிளம்பும், பெட்ரோலும் மிச்சம் புகையும் மிச்சம் என்று வனமாமலை விளக்கினான். வி.பி. “தெரியும்” என்றார். அவருக்குத் தெரியாதது ஏதாவது இருந்ததாக ஒரகடத்தில் அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து பதிவு கிடையாது. கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனி அது. வி.பி. அதை ‘மொபிலிட்டி சொல்யூஷன்ஸ்’ என்பார். ரப்பர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அது 2014. ஜூன் ஐந்தாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று, வி.பி. ஒரு வேப்பங்கன்றை நட்டுவிட்டுப் பேசினார். தன் கார் ஒவ்வொரு சிக்னலிலும் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்றும், பூமிக்காகத் தினமும் அந்த அமைதியை ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார். கேண்டீனில் கை கழுவுகிற இடத்தில் ஒரு போஸ்டர் வந்தது. காரில் சாய்ந்தபடி வி.பி., கீழே ‘நான் நிறுத்துகிறேன். நீங்கள்?’ ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராக வந்து இறங்குகிற பையன்களுக்கு நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அதையும் வி.பி. யோசித்து வைத்திருந்தார். ஷிப்ட் முடிந்து ஆள் ஏறும்வரை கம்பெனி பஸ்களின் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டார். பகல் ஷிப்ட் ஆட்கள் தினமும் சாயங்காலம் இருபது நிமிடம் தகர டப்பாவுக்குள் பூமிக்காக வெந்தார்கள்.

பூமிக்குச் செய்கிற சேவையில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. இன்ஜின் நின்றால் ஏசியும் நிற்கும். காற்று வரும், குளிர் வராது. ரயில்வே கேட்டில் ஒரு எக்ஸ்பிரஸ், ஒரு கூட்ஸ், பின்னால் ஒரு லோக்கல் என்று வரிசையாகப் போகிற நாளில், வி.பி.யின் நெற்றிப் பவுடர் கோடு கோடாக இறங்கிக் காலருக்குள் போகும். வண்டிக்கே பாவமாகி இன்ஜினைக் கிளப்பினால், இரண்டடி நகர்ந்ததும் திரும்ப அணையும். போஸ்டர் ஒட்டிய மூன்றாம் நாள் வனமாமலை கியர் பக்கத்திலிருந்த ஒரு பொத்தானை அமுக்கினான். இன்ஜின் அணையவில்லை. ஏசி ஜில்லென்று வந்தது. வி.பி. கண்ணை மூடிச் சாய்ந்தார், பிறகு கண்ணைத் திறந்தார். டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

அது என்ன விளக்கு என்றார். தானாக நிற்கிற வசதியை நாம் அணைத்து வைத்திருக்கிறோம் என்று காட்டுகிற விளக்கு சார், ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் இதை அமுக்கிக்கிட்டா போதும் என்றான் வனமாமலை.

“அமுக்காதே. யாராவது போட்டோ எடுத்துட்டா?”

ஆக வி.பி.க்கு வேண்டியது மூன்று. இன்ஜின் நிற்கக் கூடாது. விளக்கு எரியக் கூடாது. நிற்காமல் செய்தது யார் என்று ஒரு ஆள் இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் அவர் வாயால் சொல்லவில்லை. மெயின்டனன்ஸ் மேனேஜர் பரசுராமனைக் கூப்பிட்டு, காரில் ஒரு ‘கம்ஃபர்ட் இஷ்யூ’ இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள் என்றார். பார்த்துச் செய்யுங்கள் என்பதற்கு அந்தக் கம்பெனியில் ஒரே அர்த்தம்தான்: எனக்குத் தெரியாது, உன் தலையில் போட்டுக்கொள்.

பரசுராமன் நவம்பரில் ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார். ‘புராஜெக்ட் தென்றல்’ என்று பெயர் வைத்து, டீ ஷர்ட் அடித்தார். கான்ஃபரன்ஸ் ஹாலில் மீன் முள் மாதிரி ஒரு படம் வரைந்து, ஒரு முள்ளுக்கு மெஷின், ஒரு முள்ளுக்கு மெட்டீரியல், ஒரு முள்ளுக்கு மெத்தட், ஒரு முள்ளுக்கு மேன் என்று எழுதினார்கள். ரப்பர் கிழிந்தாலும் சாம்பாரில் உப்பு கூடினாலும் அங்கே அந்த மீனைத்தான் வரைவார்கள். எல்லா மீனிலும் கடைசியில் மாட்டுகிற முள் நாலாவது முள்தான். மெஷின் எதிர்த்துப் பேசாது, ஆனால் அதை மாற்ற ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும். ஆளை மாற்ற ஒரு போன் போதும்.

வனமாமலையையும் ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டு ஓரமாக நிற்க வைத்தார்கள். ஒரு பொத்தான் இருக்கு சார் என்று அவன் ஆரம்பித்தான். மூல காரணத்தைக் கண்டுபிடிக்காமல் தீர்வைப் பற்றிப் பேசுவது முறையல்ல என்று பரசுராமன் கையமர்த்தினார். பிறகு ஐந்து ‘ஏன்’ கேட்கிற முறையில் இறங்கினார்கள். இன்ஜின் ஏன் நின்றது? வண்டி நின்றதால். வண்டி ஏன் நின்றது? பிரேக் மிதித்ததால். பிரேக் ஏன் மிதிக்கப்பட்டது? சிவப்பு விளக்கு எரிந்ததால். சிவப்பு விளக்கு கம்பெனியின் கட்டுப்பாட்டில் இல்லாததால் அந்தக் கிளையை வெட்டிவிட்டு, ஒரு படி மேலே ஏறி, பிரேக்கை மிதித்தது யார் என்று பார்த்தார்கள். ஏழு பேரும் திரும்பி வனமாமலையின் வலது காலைப் பார்த்தார்கள்.

அறிக்கையில் ஏறியது: மூல காரணம், டிரைவர். மிதிக்கும் கோணம் சரியில்லை. தீர்வு, பயிற்சி. பிப்ரவரியில் ட்ரையல். தேறாவிட்டால் ஆள் மாற்றம்.

வனமாமலை நாங்குநேரிக்காரன். கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவன். மார்ச் முப்பத்தொன்றோடு அவன் வருஷம் முடிகிறது. புதுப்பிக்கிற பாரத்தில் வண்டியைப் பயன்படுத்துகிறவர், அதாவது வி.பி., கையெழுத்துப் போட வேண்டும். வடக்குப்பட்டில் நாலு பேரோடு தங்கியிருந்த ரூமை விட்டு ஒரு தனி வீடு பேசி வைத்திருந்தான். ஜூனில் மனைவி பூமாரியையும் பிள்ளையையும் கூட்டி வந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். எல்லாம் இப்போது அவன் பாதத்தின் கோணத்தில் நின்றது.

பயிற்சி என்று ஒரு காகிதத்தை லேமினேட் செய்து கொடுத்தார்கள். அதில் ஒரு செருப்புக்கால் படத்துக்குச் சிவப்புப் பெருக்கல் குறி, ஒரு ஷூக்கால் படத்துக்குப் பச்சை டிக். அந்தக் கோணத்தில் மிதித்தான். நின்றது. எதிர்க் கோணத்தில் மிதித்தான். அப்போதும் நின்றது. வண்டி படம் பார்க்கவில்லை.

ஒருநாள் வி.பி.யை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வெறும் வண்டியோடு வரும்போது, பேன்ட் பாக்கெட்டில் சிக்கிய போனை எடுக்க சீட் பெல்ட்டைக் கழற்றினான். அடுத்த சிக்னலில் பிரேக் மிதித்தான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆரஞ்சு விளக்கு எரியவில்லை. பெல்ட்டை மாட்டிப் பார்த்தான், அடுத்த சிக்னலில் அணைந்தது. கழற்றிப் பார்த்தான், அணையவில்லை. ஏழு பேர் மூன்று மாதம் தேடிய தென்றல் அவன் இடுப்பில் இருந்தது.

ஆனால் கம்பெனியில் பெல்ட் இல்லாமல் ஓட்டினால் சிவப்பு அட்டை. அட்டை வாங்கிய டிரைவரை அன்றே வெளியே அனுப்ப வேண்டும், யாருக்கும் விலக்கில்லை என்று வி.பி.யே கையெழுத்துப் போட்ட விதி அது. பெல்ட் போட்டால் இன்ஜின் நிற்கும், வேலை போகும். பெல்ட் போடாவிட்டால் இன்ஜின் ஓடும், அப்போதும் வேலை போகும். வனமாமலை இரண்டு ராத்திரி புரண்டு படுத்துவிட்டு, முதலில் வருகிற ஆபத்தை முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தான்.

ட்ரையல் அன்று பின் சீட்டில் வி.பி.யோடு குழுவில் இரண்டு பேர் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் பரசுராமன் செல்போனைக் குனிந்து பிடித்து, வனமாமலையின் ஷூவைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். பெல்ட் தோளில் குறுக்காகக் கிடந்தது, அதன் நாக்கு பூட்டில் இல்லை, தொடைக்கு அடியில் இருந்தது. எல்லாரும் பாதத்தைப் பார்த்ததால் இடுப்பை யாரும் பார்க்கவில்லை. வண்டி கொஞ்ச நேரம் பீப் பீப் என்று கத்திவிட்டு அடங்கியது. பரசுராமன் அதை ‘வித்தியாசமான சத்தம், அடுத்த புராஜெக்டில் எடுக்கலாம்’ என்று குறித்துக்கொண்டார். ஒன்பது இடத்தில் நின்றார்கள். ஒன்பதிலும் இன்ஜின் ஓடியது. ரயில்வே கேட்டில் வி.பி. சால்வை கேட்கிற அளவுக்குக் குளிர்ந்தது.

மாதக் கூட்டத்தில் குழுவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். வி.பி. நடுவில் நிற்க, தென்றல் டீ ஷர்ட்டோடு ஏழு பேரும் எடுத்த போட்டோ, அறிக்கையோடு ஹெட் ஆபீசுக்குப் போனது. டிரைவரின் கோணம் திருத்தப்பட்டது, பிரச்சினை நிரந்தரமாக மூடப்பட்டது என்று அதில் இருந்தது. போட்டோவில் வனமாமலை இல்லை. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினான். இரண்டு பக்கமும் ட்ரெய்லர் லாரிகள் உறுமுகிற ரோட்டில் பெல்ட் இல்லாமல் போவது அவனுக்கும் பிடிக்கவில்லை. மார்ச் பிறந்ததும் பாதுகாப்பு மாதம் என்று பேனர் கட்டினார்கள். வடக்குப்பட்டுக்காரரான வாட்ச்மேன் முனிரத்தினம், வண்டி வெளியே போகும்போது ஜன்னலோரம் குனிந்தார்.

“இன்னாபா, பெல்ட்ட சும்மா மாலை கணக்கா போட்டுகினு சுத்துற. நாளைக்கு சேஃப்டி மேடம் கேட்டாண்ட நின்னு ஒவ்வொண்ணா இஸ்து பாக்கப் போறாங்க, சொல்லிட்டேன்.”

சேஃப்டி ஆபீசர் சுகப்பிரியா கோவில்பட்டிப் பெண். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. விதி என்று எழுதியிருந்தால் அதை நிஜம் என்று நம்புகிற வயசு. மறுநாள் காலை எட்டரைக்கு அவள் கம்பெனி கேட்டில் நிற்பதை வனமாமலை தூரத்திலேயே பார்த்தான். கம்பெனி பஸ்களிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெல்ட்டைப் பூட்டக் கை போனது. பூட்டினால் இன்ஜின் அணையும், வி.பி. பேப்பரை இறக்குவார், கோணம் திருந்தவில்லை என்பார். கையை எடுத்துவிட்டான்.

சுகப்பிரியா ஜன்னல் வழியே பெல்ட்டை லேசாக இழுத்தாள். அது அவள் கையோடு வந்தது.

“சார், இது பூட்டலை,” என்றாள், பின் சீட்டைப் பார்த்து.

வி.பி. பேப்பரை இறக்கினார். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார்.

“என்ன வனமாமலை, உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இரண்டு ராத்திரி புரண்டதெல்லாம் வனமாமலைக்கு அந்த நிமிஷத்தில் அபத்தமாகத் தெரிந்தது. இந்த ஆளுக்காகவா பயந்தோம் என்று இருந்தது. திரும்பி உட்கார்ந்து நிதானமாகப் பேசினான்.

“சார், பெல்ட்டப் பூட்டுனா இன்ஜின் நின்னுரும். பூட்டாட்டி ஓடும். ட்ரையல் அன்னைக்கும் இப்படித்தான் ஓடுச்சு. இப்பப் பூட்டவா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

ஒரு வார்த்தை சொல்வதுதான் வி.பி. தன் வாழ்நாளில் தவிர்த்து வந்த காரியம். பார்த்துச் செய் என்று சொல்ல வாயெடுத்தார். சுகப்பிரியா அட்டைப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, இதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, என்ன எழுதட்டும் என்று மரியாதையாகக் கேட்டாள். பின்னால் பஸ்ஸில் தினமும் வேகிற பகல் ஷிப்ட் ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். வரிசையில் மூன்றாவதாக நின்ற பரசுராமனின் கார் ஹாரன் அடித்தது.

“ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். பூட்டு,” என்றார் வி.பி. முதல் தடவை என்பதால் அட்டை வேண்டாம், எச்சரித்தால் போதும் என்றும், காரணம் எதுவும் எழுத வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வனமாமலை பெல்ட்டைப் பூட்டினான். உள்ளே இரண்டாவது தடுப்புக் கம்பி முன்னால் பிரேக்கை மிதித்ததும் இன்ஜின் அணைந்தது. வி.பி. பேப்பரைத் திரும்பவும் முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் இன்ஜின் நிற்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது. கேடயத்தைக் கொடுத்தவர் அவர். போட்டோவின் நடுவில் நிற்பவரும் அவர். பிரச்சினை இருக்கிறது என்றால் அறிக்கை பொய், அறிக்கை பொய் என்றால் ஹெட் ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். தென்றல் எப்படி இருக்கிறது சார் என்று பரசுராமன் லிஃப்டில் கேட்டபோது, காலரை விரலால் தளர்த்திக்கொண்டு பிரமாதம் என்றார் வி.பி.

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது, இன்ஜின் அணைந்தது. வனமாமலை பெல்ட்டைக் கழற்றாமலேயே உடம்பை வளைத்து, வேலையைப் புதுப்பிக்கிற பாரத்தையும் பேனாவையும் பின்னால் நீட்டினான். வழக்கமாக இப்படி ஏதாவது கொடுத்தால், வண்டி குலுங்குகிறது, ஆபீசில் பார்த்துக்கொள்ளலாம் என்பார் வி.பி. இப்போது வண்டி கோவில் தேர் போல அசையாமல் நின்றது. டிரைவரின் குறைகள் என்ற கட்டத்தில் அவர் பேனா கொஞ்ச நேரம் தயங்கியது. குறை திருத்தப்பட்டது என்று அவரே ஹெட் ஆபீசுக்கு அனுப்பியிருந்தார். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெயரின் மேல் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

வனமாமலை அதைத் துடைக்கவில்லை. காயவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிள்ளைக்கு டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடு என்று இன்றைக்கே பூமாரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது, நிறையப் பெட்டிகள்.