வராத படத்துக்கு வந்த விருது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய ஒற்றை வரி. அந்த ஒற்றை வரிக்காக நாளை காலை பதினொன்றரை மணிக் காட்சிக்கு எங்கள் குடியிருப்பிலிருந்து நாற்பத்திரண்டு பேர் ஆவடிக்குக் கிளம்புகிறார்கள்.

[பதினேழு பேர் என்கிறாள் சுலோசனா. என் மனைவி. தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். இந்தக் கதையில் அவள் அடைப்புக்குறிக்குள்தான் வருவாள். வெளியே விட்டால் ஒரு பத்திகூட நகராது.]

இன்று வியாழன். படம் நாளைதான் வெளியாகிறது. அதாவது என் கதையின் முடிவு இன்னும் நடக்கவே இல்லை. மற்ற எழுத்தாளர்கள் முடிவை மடியில் வைத்துக்கொண்டு தெரியாததுபோல் நடிப்பார்கள். எனக்கு நிஜமாகவே தெரியாது. காலையிலிருந்து நாற்காலிக்கும் பால்கனிக்குமாக நடந்ததில் திருப்பதி மலையே ஏறியிருக்கலாம்.

2

தொடக்கம் ஒன்று: "அயனம்பாக்கம் ஏரியின் மேல் சூரியன் பொற்குடம்போல எழுந்த அந்தப் பொழுதில்..."

வேண்டாம். ஏரிக்கரையில் நாங்கள் நடக்கப் போகும்போது முதலில் தெரிவது கூட நடக்கும் இஸ்மாயில் பாயின் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. சூரியன் அதற்குப் பிறகுதான்.

தொடக்கம் இரண்டு: "ஐம்பத்திரண்டு வயது முனியம்மா, தன் வாழ்வின் துயரங்களையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு..."

அடித்துவிட்டேன். முனியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருப்பது மொட்டைமாடிச் சாவி. எங்கள் குடியிருப்பின் நான்கு மாடிப் படிகளையும் பெருக்கித் துடைப்பவர் அவர்தான். துயரம் இருக்கலாம், என்னிடம் காட்டியதில்லை.

தொடக்கம் மூன்று: நேராகச் சொல்லிவிடுகிறேன்.

3

நான் முப்பத்திரண்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் தரப் பரிசோதகன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் பாகத்தைத் தள்ளிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க அப்படி அளந்தவன், ஓய்வு பெற்ற மறுநாளே முடிவு செய்தேன்: இனி எதைச் சொன்னாலும் மூன்று மடங்கு.

ஏரிக்கரை பெஞ்சில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதல் ஞாயிறன்று, பழைய காலண்டரில் மிஞ்சிய தாள்களைக் கிழித்து, ஆளுக்கொன்றில் அந்த வருடம் வரப்போகும் படங்களில் எதற்கு என்ன தேசிய விருது என்று எழுதுவோம். படம் எதையும் யாரும் பார்த்திருக்க மாட்டோம். போஸ்டர், டீசர், படப்பிடிப்பில் நடந்த சண்டை, இவைதான் ஆதாரம். தாள்களை மடித்து இஸ்மாயில் பாயின் பழைய ஃபிளாஸ்கில் போட்டு மூடிவிடுவோம். விருது அறிவிக்கும்வரை பிரிக்கக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது. அறிவிப்பு வர ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை எங்களில் யார் யார் இருப்போம் என்பதையும் சேர்த்தே யூகிக்கிறோம். அதிகம் சரியாகச் சொன்னவரை அடுத்த வருடம் முழுக்க எல்லோரும் 'ஜூரி சார்' என்று அழைக்க வேண்டும்.

நான்கு வருடமாக இஸ்மாயில் பாய்தான் ஜூரி சார். பூந்தமல்லி டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். விருதுகளும் பஸ்போல நேரத்துக்கு வரும் என்று நம்புகிறவர். அவருக்கு வரவும் வருகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ராகவா, இந்த வருஷமும் ஏதாச்சும் ஸ்டார் பேரைத்தானே எழுதியிருக்கே?" என்றார்.

"இல்லே பாய். துணை நடிகைக்கு நான் எழுதியிருக்கிற பேரு உங்க கனவுல கூட வராது."

"புதுமுகமா?"

"நீங்க தினமும் பாக்கிற முகம்."

"தினமும் நான் பாக்கிறது உன் முகத்தைத்தான்யா. துணை நடிகைன்னு போட்டா ஒத்துக்க மாட்டாங்க."

அந்த வேகத்தில் விதியை உடைத்துவிட்டேன். தாளில் இருந்ததை அப்படியே சொன்னேன்: சிறந்த துணை நடிகை, முனியம்மா.

4

இது விளையாட்டு. ஆனால் முழுப் பொய் இல்லை. போன ஐப்பசியில் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு படப்பிடிப்புக்குத் தரை துடைக்க ஆள் வேண்டும் என்று முனியம்மாவைக் கூட்டிப்போனார்கள். அம்மா வேடத்துக்குச் சொல்லி வைத்திருந்த நடிகை வரவில்லை. இயக்குநர் இவரைப் பார்த்து, "இந்த அம்மாவை நிறுத்துங்க" என்றாராம். இரண்டு நாள், ஒரு காட்சி.

அந்தக் காட்சியை நான் ஏரிக்கரையில் விவரித்த விதம் இது: முனியம்மா வசனம் பேசினார், முந்நூறு பேர் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள், இயக்குநர் காலில் விழுந்தார், மழைக்காக வைத்திருந்த தண்ணீர் லாரி தானாகத் திறந்துகொண்டது.

[தண்ணீர் லாரியை இப்போதுதான் சேர்த்தார். சுலோசனா.]

ஜனவரியில் "முனியம்மாவுக்குக் கிடைக்கலாமாம்" என்று கிளம்பிய செய்தி, இரண்டாவது மாடி ஏறும்போது "கிடைக்கும்" ஆயிற்று. மூன்றாவது மாடி நிவேதிதா, ஐ.டி. வேலை, எதையும் தாமதமாகச் செய்யாத பெண், குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள்: 'தேசிய விருது பெறும் நம் முனியம்மா அக்காவுக்கு வாழ்த்துகள்.' அதன் கீழே ஐம்பத்தாறு கைதட்டல்கள்.

[இந்த எண் சரி.]

மறுநாள் துடைப்பத்தோடு முனியம்மா என் வாசலில் நின்றார்.

"இன்னா சார், எனுக்கு அவார்டு குட்த்துட்டாங்களாமே? ஒர்த்தரும் எனுக்கு போன் பண்லியே?"

வாசகரே, கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேம்மா" என்று நாலு வார்த்தை. அந்த முகத்தைப் பார்த்தபோது நாலும் வரவில்லை.

"இன்னும் அறிவிக்கலேம்மா. உள்ளுக்குள்ள பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க?"

"டெல்லியில."

5

டெல்லியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செய்தி சேக்காடு போய்விட்டது.

சேக்காட்டில் முனியம்மாவின் நாத்தனார் எல்லம்மா இருக்கிறார். முப்பது வருடமாக அண்ணன் பெண்டாட்டியை ஓர் ஆளாகவே மதிக்காதவர். நடித்த செய்தியைக் கேட்டதும், "கும்பல்ல நின்னுகினு இருந்திருப்பே, ஆடு மாடு கணக்கா" என்றாராம். அதற்கு முனியம்மா சொன்னது: "நான் தனியா நிக்கிறேன். கதவத் தொறக்கிறேன். பேசுறேன். கண்ணால பாத்துட்டு அப்பால பேசு." எல்லம்மா நாளை குடும்பத்தோடு வருகிறார்.

இதுவரை சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். முந்தாநாள் லிஃப்டில் நிர்மலைப் பார்த்தேன். பி பிளாக் பையன், அந்தப் படத்தில் உதவி எடிட்டராக இருந்தவன்.

"அங்கிள், நான் அங்கேருந்து வேற படத்துக்கு வர்ற வரைக்கும் அம்மா சீன் இருந்துச்சு. அப்புறம் நீளமா இருக்குன்னு பதினெட்டு நிமிஷம் எடுத்துட்டாங்களாம். எதை எடுத்தாங்கன்னு தெரியல."

"அம்மா சீன் கதைக்கு முக்கியம்தானேடா?"

"அதுல கதையே இல்ல அங்கிள். அதான் சந்தேகம்."

லிஃப்ட் நின்றது. நான் இறங்க மறந்து மறுபடி மேலே போய் வந்தேன்.

6

முடிவு (அ): காட்சி இருக்கிறது. எல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியின் கையைப் பிடிக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லம்மாவை எனக்குத் தெரியும். அவர் இடைவேளை பாப்கார்னைக்கூட அப்படிப் பிடிக்க மாட்டார்.

முடிவு (ஆ): காட்சி இல்லை. முனியம்மா கம்பீரமாக எழுந்து, "அவார்டு வேணாம், மனுசங்க போதும்" என்று

தூ. இந்த வசனத்தை எழுதிய கையை ஐந்து நிமிடம் குழாயடியில் பிடித்திருந்தேன்.

முடிவு (இ): நாளை எனக்கு நெஞ்சு வலிக்கிறது. யாரும் படத்துக்குப் போகவில்லை.

[இதைச் செய்தாலும் செய்வார். நான் முனியம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன். படியேறிக்கொண்டிருக்கிறார்.]

7

"இன்னா சார் எழுதினுகீறே? அம்மா கூப்ட்டாங்க. எத்த பத்தி?"

"உன்னைப் பத்தித்தான்."

"என்னப் பத்தியா? படி."

படித்தேன். முதல் பகுதியிலிருந்து நிர்மல் வரை. முந்நூறு பேர் அழுத இடத்தில் முனியம்மா சிரித்தார். டெல்லியில் சிரிப்பு நின்றது. பதினெட்டு நிமிடம் வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறி வண்டிக்காரன் தெரு முழுக்கக் கூவிவிட்டுப் போனான்.

"அப்ப டெல்லில ஒர்த்தரும் பேசிக்கல."

"இல்லேம்மா."

"நீதான் அளந்து உட்டே."

"நான்தான்."

"எல்லம்மா கைல என்ன நானே புட்ச்சி குட்த்துகீறேன், உன் பேச்ச கேட்டு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன். பிறகு தாள்களைக் காட்டி, "இத்தினி எழுதிகீறியே, நான் இன்னா நடிச்சேன்னு ஒரு வரி கீதா இதுல?"

இல்லை. லாரி இருந்தது, இயக்குநர் இருந்தார். அவர்கள் வெட்டினார்களோ இல்லையோ, நான் வெட்டிவிட்டிருந்தேன்.

"நான் சொல்றேன், எய்து. கதவு தட்ற சத்தம். நான் உள்ள ரசம் வெச்சிகினு கீறேன். போயி தொறக்கிறேன். புள்ள நிக்கிறான், பத்து வருசம் கயிச்சி. டைரக்டரு தம்பி, 'கட்டிப் புட்ச்சி அயுவணும்மா'ன்னுச்சி. நான் அவன பாத்தேன். பாத்துட்டு உள்ள போயிட்டேன். அடுப்ப அணச்சேன். அப்பால வந்து, 'செருப்ப கயட்டிட்டு வா'ன்னேன். அவ்ளோதான்."

"ஏன் உள்ள போனே?"

"அடுப்புல ரசம் கீதே. புள்ள வந்துட்டான்னு ரசத்த பொங்க உடுவாங்களா? அதான் வந்துட்டானே, இனிமே எங்க போவப் போறான்."

"நிஜ அடுப்பா வெச்சிருந்தாங்க?"

"அடுப்பே இல்ல சார். வெறும் செவுரு. நான்தான் இப்டி திருப்பனேன்."

எங்கள் கூடத்தில், தொலைக்காட்சிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில், காற்றில் மணிக்கட்டை மெல்லத் திருப்பினார். அவ்வளவுதான்.

சுலோசனா எழுந்து சமையலறைக்குப் போய், எங்கள் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

[                    ]

அவள் திருத்த ஏதாவது இருக்கும் என்று இடம் விட்டேன். எழுதவில்லை.

"நாளைக்கி அந்த சீனு இல்லன்னா," என்றார் முனியம்மா, "லைட்டு போட்டதும் நீ எய்ந்து நிக்கணும். எல்லம்மா வாசலுக்குப் போறதுக்கு மின்ன. அவார்டு கத மொத்தமும் நீ உட்ட டூப்புன்னு சொல்லணும். அப்பால நான் செஞ்சத இப்ப சொன்ன மாரியே சொல்லணும். ஒண்ணு கூட்டக் கூடாது."

"ஒண்ணுகூடவா?"

"கூட்னா எல்லம்மா கண்டுபுட்ச்சிடுவா நைனா. அவ என்ன முப்பது வருசமா பாக்கிறா."

சொல்லிவிட்டு, மூன்றாவது மாடி இன்னும் துடைக்கவில்லை என்று போய்விட்டார்.

8

வெள்ளி. காலை பத்தே முக்கால். கீழே வேன் நிற்கிறது. மொத்தம் நாற்ப... பதினேழு பேர். இஸ்மாயில் பாய் இரண்டு முறை ஹார்ன் அடிக்கச் சொல்லிவிட்டார். அவர் கணக்கில் ஏற்கெனவே நான்கு நிமிடம் தாமதம். முனியம்மா ஊதாப் புடவையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். மேலே பார்க்கவில்லை.

என் சட்டைப்பையில் ஒரு காலண்டர் தாள் இருக்கிறது. அந்தக் காட்சி, ஏழு வரி. கண்ணாடி முன்னால் ஐந்து முறை சொல்லிப் பார்த்தேன். முதல் முறை மழை பெய்தது. இரண்டாவது முறை மகன் மயங்கி விழுந்தான். நான்காவதில்கூட எங்கிருந்தோ ஒரு நாய் ஊளையிட்டது. ஐந்தாவது முறைதான் ஒரு பெண் கதவைத் திறந்து, பார்த்து, உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நூறில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை. தள்ள ஒன்றுமில்லை. எழுந்து நிற்கும்போதும் அப்படியே வருமா என்பதுதான்

ஹார்ன், மூன்றாவது முறை. போக வேண்டும்.

படத்தின் பெயரை நான் கடைசிவரை சொல்லவில்லை, கவனித்தீர்களா? நீங்கள் இதைப் படிக்கும்போது அது வந்து போயிருக்கும். பெயர் தெரிந்தால் அந்த ஒரு படத்தை மட்டும் தேடிப் பார்த்து, இருந்தார், இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். தெரியாததால் இனி நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு படத்திலும், கதவு திறக்கிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தாக வேண்டும், பார்த்துவிட்டு உள்ளே போகிறாரா என்று. ஒருவேளை படம் முடிந்து விளக்குப் போட்டதும் முன்வரிசையில் யாரோ ஒரு வயசாளி எழுந்து நின்று, தாளைப் பிரித்து, தொண்டையைச் செருமினால், "உக்காருய்யா" என்று கத்திவிடாதீர்கள். ஏழு வரிதான்.

ஒரு காலண்டர் தாள் மிச்சம் இருந்தது. உங்களுக்காக இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். வழக்கமான விதிதான்: எழுதியபின் மடித்துவிடுங்கள், வெளியே சொல்லாதீர்கள்.

சிறந்த துணை நடிகை: ..............................